கவுதாரி ஸ்குவாட்ரன்

பாண்டீஸ்வரன் அருப்புக்கோட்டையில் ஒரு வங்கிக் கிளையின் வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறவர். இரட்டைக் குழல் துப்பாக்கி. ஐந்து வருடமாக நிற்கிறார். ஒரு தடவைகூடச் சுட்டதில்லை, சுடும்படியாக எதுவும் நடந்ததுமில்லை. காலையில் கதவு திறந்ததிலிருந்து சாயங்காலம் ஷட்டர் இறங்கும்வரை அவர் உண்மையில் பார்க்கிற வேலை வேறு. சலான் எழுதிக் கொடுக்க வேண்டும், டோக்கன் எங்கே எடுப்பதென்று கை காட்ட வேண்டும், பாஸ்புக் பதிகிற மிஷின் ஏன் இன்றைக்கும் ஓடவில்லை என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். நரிக்குடிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் அவரை "மிலிட்டரி" என்று கூப்பிடுவார்கள். "மிலிட்டரி, நேத்தே வரச் சொன்னீக, இன்னைக்கும் மெசினு படுத்துக்கிருச்சா?" என்று அவரைத்தான் கேட்பார்கள், மேனேஜரைக் கேட்க மாட்டார்கள்.

அவர் மிலிட்டரியில் இருந்ததில்லை. விமானப் படையில் இருபது வருடம் இருந்தார். ஆரம்பத்தில் இதை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னால் உடனே அடுத்த கேள்வி வரும்: "அப்ப ஏரோப்ளேன் ஓட்டுவீகளோ?" "இல்லண்ணே, அதுக்குப் பெயிண்ட் அடிப்பேன்." கேட்டவருக்கு முகம் விழுந்துவிடும். பிறகு அவரே அலுத்துப்போய் மிலிட்டரி என்றால் மிலிட்டரி என்று விட்டுவிட்டார்.

நாள் முழுக்க நின்று நின்று முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் சுருண்டு கிடந்தது. வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டுச் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுப்பார், அப்படியே தூங்கிப்போவார். மனைவி கனகலட்சுமி நைட்டி தைக்கிற யூனிட்டில் வேலை பார்த்துவிட்டு அவரைவிடக் களைத்துப்போய் வருவாள். மகள் கோயம்புத்தூரில் நர்ஸிங் படிக்கிறாள். வீட்டில் பேசுவதற்கு ஆளும் இல்லை, தெம்பும் இல்லை. ஆனால் காலை ஐந்து மணிக்கு அவருக்கு விழிப்பு வந்துவிடும். படையில் பழகிய பழக்கம். ஐந்திலிருந்து ஏழு வரைக்கும் உள்ள அந்த இரண்டு மணி நேரம்தான் ஒரு நாளில் அவருக்கென்று இருந்தது. அந்த நேரத்தில் அவர் கம்ப்யூட்டரைத் திறந்து, இல்லாத விமானங்களுக்குப் பெயிண்ட் அடித்தார்.

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பார்க்கிற சிமுலேட்டர் ஒன்று இருக்கிறது. அதில் பறக்கிற விமானத்தின் தோலை மட்டும் தனியாக எடுக்க முடியும். ஆட்டுத்தோலை உரித்து வெயிலில் விரித்துப் போட்ட மாதிரி, இறக்கை, வயிறு, வால் எல்லாம் தட்டையாகப் பரப்பிக் கிடக்கும். அதன்மேல் நமக்குப் பிடித்த நிறத்தைத் தீட்டி, எண்ணையும் சின்னத்தையும் எழுதித் திரும்ப ஏற்றினால் விமானம் அதைப் போர்த்திக்கொண்டு பறக்கும். இதற்கு லிவரி என்று பெயர். உலகம் முழுக்க இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் உண்மையான விமானங்களின் நிறத்தை அச்சு அசலாகச் செய்வார்கள். பாண்டீஸ்வரனுக்கு அதில் ருசி இல்லை. உண்மையானவற்றைத்தான் இருபது வருடம் அடித்தாயிற்றே.

அவர் எடுத்துக்கொண்டது மாருத். நம் நாட்டிலேயே செய்த பழைய போர் விமானம். பதினெட்டு, பத்தொன்பது வயதில் பயிற்சிக்குப் போனபோது ஒரு முகாமின் வாசலில் அது சிமெண்ட் தூண் மேல் நின்றதைப் பார்த்தார். அவ்வளவு அழகான விமானத்தை ஏன் தூணில் ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டதற்கு ஒரு சார்ஜெண்ட், "அதுக்குத் தகுந்த எஞ்சின் கடைசிவரைக்கும் கிடைக்கலடா" என்றார். அது அவர் மனதில் தைத்துவிட்டது. கிடைத்திருந்தால்? அந்தக் கேள்வியிலிருந்துதான் அவருடைய கதை தொடங்கியது. அவர் கதையில் 1968-இல் சரியான எஞ்சின் வந்துவிட்டது. மாருத் தூணில் ஏறவில்லை. இரண்டாம் ரகம் வந்தது, மூன்றாம் ரகம் வந்தது, இன்றைக்கும் பறக்கிறது. திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவே, நிஜத்தில் சீமைக் கருவேலமும் வெள்ளாடுகளும் மட்டும் இருக்கிற பொட்டலில், ஒன்பதாயிரம் அடி ஓடுபாதையோடு ஒரு தளம் இருந்தது. அங்கே ஒரு விமானப் பிரிவு, ஒரு ஸ்குவாட்ரன்.

நிறங்களை அவர் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. பைக்கை நிறுத்தி நிறுத்திச் செல்போனில் பிடித்தார். மழைக்கு முந்திய கரிசல் மண், திருச்சுழி தாண்டி வருகிற செவல், தூசி படிந்த கருவேல இலை, வெடித்துக் கிடக்கிற கண்மாய்த் தரை. இறக்கையின் மேல்பக்கத்துக்கு இந்த நாலும். வயிற்றுக்கு வைகாசி மாதத்து வானம். அந்த வானத்தில் நீலம் கிடையாது. வெள்ளாவி வைத்த வேட்டியின் நிறம்தான். வாலில் ஸ்குவாட்ரன் சின்னமாக ஒரு கவுதாரியை வரைந்தார்.

இணையத்தில் அவருக்கு ஒரே ஒரு பழக்கம், மதன்குமார். காரியாபட்டிக்காரன், சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. இவர் பெயிண்ட் அடிக்கிறதை அவன் ஓட்டி வீடியோ எடுத்துப் போடுவான்.

"அண்ணே, கழுகு வைங்கண்ணே. கவுதாரி பறக்கிறத விட ஓடுறதுதான ஜாஸ்தி" என்றான் அவன்.

"இந்த வண்டியும் அப்பிடித்தான் தம்பி. ஓடிக்கிட்டே இருக்கும். அம்புட்டுத்தான்னு நினைக்கிறப்ப டக்குனு எந்திரிக்கும்."

ஒவ்வொரு லிவரியோடும் இரண்டு பக்கம் வரலாறும் எழுதிச் சேர்ப்பார். எந்த ஆண்டு எந்தத் தளம், யார் தலைமை என்று. படிக்கிறவர்கள் குறைவு. அவருக்கு அது பற்றிக் கவலை இல்லை. கடைசியாகச் செய்த விமானத்தில், ஓட்டுகிறவர் உட்காரும் இடத்துக்குக் கீழே, உண்மையான விமானங்களில் இருக்கிற மாதிரி ஒரு பெயர் எழுதினார். தமிழில் எழுதினார்: குரூப் கேப்டன் மாரிச்செல்வம்.

மதன்குமார் "திருச்சுழியில் ஒரு விமானத் தளம் இருந்திருந்தால்" என்று தலைப்புப் போட்டு அதை வீடியோவாக்கினான். வழக்கத்தைவிட நிறையப் பேர் பார்த்தார்கள். ஒன்பதாம் நாள் அதன் கீழே ஒரு பெண் எழுதியிருந்தாள்: "காக்பிட்டுக்குக் கீழே இருப்பது யார் பெயர்? எழுதியவர் யார்? என் அப்பாவின் பெயர் அது." மதன்குமார் இவரைக் கேட்டுக்கொண்டு நம்பரைக் கொடுத்தான்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. வங்கியின் பின்பக்கம் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார்.

"பாண்டீஸ்வரனா? மதுரையில இருந்து ரேணுகாதேவி பேசுறேன். மாரிச்செல்வத்தோட வைஃப்."

அவர் எழுந்து நின்றுவிட்டார். "சொல்லுங்க மேடம்."

"என் மக ஒரு வீடியோவைக் காட்டுனா. அந்த மாரிச்செல்வம் யாரு? வேற யாராச்சுமா?"

"இல்ல மேடம். சார்தான். கோவில்பட்டி சார்."



"அவர் போயி பதினேழு வருஷம் ஆச்சு. உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும் மேடம். அன்னைக்கு நான் டூட்டியிலதான் இருந்தேன்."

"தெரிஞ்சுமா எழுதுனீங்க?"

அவர் டிபன் பாக்ஸை மூடினார்.

"எடுத்துருங்க அதை" என்றாள். "எடுத்துர்றேன் மேடம்" என்றார். வைத்துவிடுவாள் என்று நினைத்தார். வைக்கவில்லை. "எடுக்கிறதுக்கு முந்தி நான் பாக்கணும். கூட ஏதோ கதையும் எழுதியிருக்கீங்களாமே. அதையும் கொண்டாங்க. ஞாயித்துக்கிழமை வர முடியுமா?"

மாரிச்செல்வம் அவருக்கு நண்பரெல்லாம் இல்லை. வடக்கே ஒரு பாலைவனத் தளத்தில் அவர் ப்ளைட் லெப்டினன்ட், இவர் கார்ப்பரல். அதிகாரியும் சிப்பாயும் நின்று பேசுகிற வழக்கம் கிடையாது. ஆனால் இவர் பேச்சைக் கேட்ட முதல் நாளே அவர் திரும்பிப் பார்த்து, "எந்தூருப்பா, அருப்புக்கோட்டைப் பக்கமா?" என்று கேட்டார். அதற்கப்புறம் எப்போதாவது விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கிற ஹேங்கர் பக்கம் வந்தால் இரண்டு வார்த்தை பேசுவார். 2008-இல் ஒரு விமானத்தில் அவர் பெயரை ஆங்கிலத்தில் எழுதுகிற வேலை இவருக்கு வந்தது. அவர் வந்து பார்த்துவிட்டு, "தமிழ்ல எழுத முடியாதா பாண்டி? எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியுமே" என்றார். "ரூல் இல்ல சார்." "அதான, ரூல் இல்லல்ல" என்று சிரித்துவிட்டுப் போனார். பதினோரு நாள் கழித்து, வேறொரு விமானத்தில் கிளம்பி, ஏறும்போதே பறவை மோதி, விழுந்துவிட்டார். இருபத்தொன்பது வயது.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது கனகலட்சுமி கேட்டாள், "போயித்தான் ஆகணுமா? போன்லயே மன்னிப்புக் கேட்டா ஆகாதா?"

"கூப்புட்டாகள்ல."

"அவுக திட்டுனா வாங்கிக்கிட்டு வாங்க. எதுத்து ஒண்ணும் சொல்லிராதீக." வாசல் வரை வந்து, "வெறுங்கையோட போவாதீக" என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் காராச்சேவு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டார். வரலாற்றை இரண்டு தாளில் பிரிண்ட் எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். காரியாபட்டி வரை நின்றுகொண்டே போனார். அங்கே ஒரு இடம் கிடைத்து உட்கார்ந்ததும், இனி எழுந்திருக்கவே வேண்டாம் போல இருந்தது.

ரேணுகாதேவி மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மாடி வீடு. மகள் கிருஷ்ணப்ரியா கதவைத் திறந்தாள். பதினெட்டு வயது. மூக்கு அப்படியே மாரிச்செல்வத்தின் மூக்கு. தாளை வாங்கிய ரேணுகாதேவி அதை மேஜையில் நீவி வைத்து, விரலை ஓட்டி ஓட்டி, விடைத்தாள் திருத்துகிற மாதிரி படித்தாள். பாதியில் விரல் நின்றது.

"இங்க தப்பு. 2001-ல ஆபீஸரா கமிஷன் ஆனவரு 2012-லேயே எப்பிடி விங் கமாண்டர் ஆவாரு? பதிமூணு வருஷம் வேணும்ல. 2014 வரணும்."

"ஆமா மேடம். கவனிக்கல."

மீண்டும் முதலிலிருந்து படித்தாள். "ஆக, 2008-ல இவருக்கு ஒண்ணும் ஆகலை."

"ஆகலை மேடம்."

"அந்தப் பறவை?"

"வரல மேடம்."

அவள் தாளிலிருந்து கையை எடுத்தாள். குரல் உயரவில்லை. வகுப்பில் புரியாத பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "பறவையை எடுத்துட்டீங்க. ஆனா அவரை அந்த ப்ளேனுக்குள்ளயேதான் வச்சிருக்கீங்க. பதினேழு வருஷம் தினம் பறக்க விட்டிருக்கீங்க. அப்ப இந்தக் கதையில ஒரு ரேணுகா இருப்பாள்ல, அவளும் பதினேழு வருஷமா தினம் போன் மணி அடிச்சா பதறிக்கிட்டு உக்காந்திருப்பா. அதை யோசிச்சீங்களா?"

"யோசிக்கல மேடம்."

"கதைதான? உங்க இஷ்டந்தான? எறக்கி விட்டிருக்கலாம்ல?"

கிருஷ்ணப்ரியா "அம்மா" என்றாள். ரேணுகாதேவி அவளைப் பார்க்கவில்லை.

பாண்டீஸ்வரன் தன் செருப்படையாளம் விழுந்த பாதத்தைப் பார்த்தார். எதிர்த்து ஒன்றும் சொல்லக் கூடாது என்று மனைவி சொல்லியிருந்தாள். ஆனாலும் இங்கே சொல்லாவிட்டால் வேறெங்கும் சொல்ல முடியாது என்ற விஷயம் ஒன்று இருந்தது.

"சார் போனதுக்கு மறுநா, அந்தப் பேரை அழிக்கச் சொல்லி ஆர்டர் வந்துச்சு மேடம். சார் பேரு எழுதுன வண்டி அவுக ஓட்டிப் போன வண்டி இல்ல. அது லைன்லயே நின்னுச்சு. வேற பைலட்டு வரணும்ல. நாந்தான் எழுதுனவன், அதனால என்னையவே அனுப்புனாக. உப்புத்தாள் வச்சுத் தேச்சு, பிரைமர் அடிச்சு, அதுமேல சாம்பல் கலர் ரெண்டு கோட்டு. வெயில் சாய்ஞ்சு அடிக்கிறப்ப எழுத்து லேசாத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்."

"அழிக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. "முக்கா மணி நேரம் இருக்கும் மேடம்."

"இன்னொரு தடவை அழிக்கணும்ல, இப்ப."

"கம்ப்யூட்டர்ல ஒரு நிமிஷந்தான்."

"பேரு இருக்கட்டும்மா" என்றாள் கிருஷ்ணப்ரியா. "தமிழ்ல எவ்வளவு நல்லா இருக்கு."

"ப்ளேன்ல வேண்டாம்." ரேணுகாதேவி எழுந்து போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். காராச்சேவை ஒரு தட்டில் கொட்டி நடுவில் வைத்தாள். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். கொஞ்சம் கழித்து அவளே சொன்னாள், "ப்ளேன்லதான் வேண்டாங்குறேன். தாள்ல இருக்கட்டும். ஆனா எறக்கி விட்டுருங்க."

"எறங்கியிருந்தா சார் என்ன பண்ணியிருப்பாக மேடம்?"

அவள் யோசித்தாள். "அவருக்கு வேற ஒரு வேலையும் தெரியாது. பல்பு மாட்டக்கூட என்னையத்தான் கூப்பிடுவாரு. லீவுல வந்தா தூங்குவாரு. பகல் பூரா தூங்குவாரு. 'ஒரு ஆறு மாசம் விட்டாங்கன்னா தூங்கித் தீத்துருவேன் ரேணு'ம்பாரு."

வீட்டுக்குத் திரும்பி, திங்கட்கிழமை காலையே பெயரை எடுத்துவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எழுதுகிற வேலைதான் நீண்டது. எஞ்சின், ரகம், குண்டு, ரேடார் என்று எதைப் பற்றி வேண்டுமானாலும் அவரால் பத்து வருட வரலாற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எழுத முடியும். ஒரு மனிதன் வேலையை விட்டு வீட்டுக்கு வந்தான், அப்புறம் என்ன என்று எழுதத்தான் வரவில்லை. எலுமிச்சைத் தோட்டம் போட்டார் என்று எழுதினார், அழித்தார். தனியார் விமானக் கம்பெனியில் சேர்ந்தார் என்று எழுதினார், அது மறுபடியும் பறப்பதாயிற்றே என்று அழித்தார். தன்னைப் போல வங்கி வாசலில் நிற்கிறார் என்று எழுத ஒரு நாள் கை போனது. அதை எழுதவே இல்லை. எட்டுக் காலைகள் போயின. கடைசியில் மூன்று வரிதான் நின்றது: "2007 டிசம்பரில் மாரிச்செல்வம் தம் விருப்பத்தின் பேரில் பணியிலிருந்து விலகினார். மதுரையில் குடும்பத்தோடு இருக்கிறார். நன்றாகத் தூங்குகிறார்."

வாட்ஸ்அப்பில் ரேணுகாதேவிக்கு அனுப்பினார். இரண்டு நாள் பதிலில்லை. மூன்றாம் நாள், வங்கியில் கூட்டம் நெரிகிற நேரத்தில், சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஓய்வூதியத்துக்கு வந்த ஒரு பெரியவருக்கு விரல் ரேகை விழவில்லை, அவர் கையைப் பிடித்துத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். பெரியவரை அனுப்பிவிட்டுத்தான் போனை எடுத்துப் பார்த்தார்.

"2007 டிசம்பர் வேண்டாம். 2006 போடுங்கள். ப்ரியா பிறக்கும்போது அவர் வீட்டில் இருக்கட்டும்."

அவர் தூணில் சாய்ந்துகொண்டார். டூட்டியில் சாயக் கூடாது. மேனேஜர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார்.

மறுநாள் காலையில் 2006 என்று மாற்றி, புதிய லிவரியை ஏற்றினார். பதினாறு பேர் இறக்கிக்கொண்டார்கள். யாரோ ஒருவன், "நல்ல கமாண்டரை ஏன் பாதியில் வீட்டுக்கு அனுப்பினீர்கள், கதையில் விறுவிறுப்பே போய்விட்டது" என்று எழுதியிருந்தான். மதன்குமாரும் போன் பண்ணினான்.

"அண்ணே, ஹீரோவ ரிட்டயர் பண்ணிட்டீகளே. அடுத்த கமாண்டர் யாரு?"

"தெரியல தம்பி."

"அடுத்த பெயிண்ட் எப்ப?"

"கொஞ்ச நா போகட்டும். அசதியா இருக்கு."

பழைய வீடியோவை எடுத்துவிடச் சொன்னார். அவன் முணுமுணுத்தான், பிறகு எடுத்துவிட்டான்.

கிருஷ்ணப்ரியா அம்மாவுக்குச் சொல்லாமல் அந்த விமானத்தைத் தன் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டாள். எப்படி ஏற்றுவதென்று இவர்தான் ஒரு மதியம் போனில் சொல்லிக்கொடுத்தார். அவளுக்கு ஓட்ட வரவில்லை. ஓடுபாதையை விட்டு விலகிப் பொட்டலுக்குள் போய் நின்றுவிடும். "அங்கிள், இன்னைக்கும் தரையிலதான் சுத்துனேன்" என்று செய்தி அனுப்புவாள். "தரையில் சுற்று, போதும்" என்று பதில் போடுவார்.

ஒரு நாள் அவள் கேட்டாள், "அங்கிள், அப்பா எப்படி இருப்பாரு? அம்மா சொன்னது எல்லாம் எனக்கு மனப்பாடம். நீங்க சொல்லுங்க."

பாண்டீஸ்வரன் ஜெனரேட்டர் நிழலில் நின்றுகொண்டு யோசித்தார். இல்லாமல் போன பதினேழு வருடத்துக்கும் அந்த மனிதருக்கு ஒரு வாழ்க்கை முழுவதையும் தாமே எழுதியிருந்தார். பதவிகள், தளங்கள், எத்தனை மணி நேரம் பறந்தார் என்பதுவரை. அதில் ஒன்றையும் இந்தப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது.

"எனக்கு உங்கப்பாவ ரொம்பத் தெரியாதும்மா" என்றார். "மொத்தமாப் பாத்தா ஒரு பத்து வாட்டி பேசியிருப்போம்."

"பரவால்ல. அந்தப் பத்தையும் சொல்லுங்க."

உள்ளேயிருந்து யாரோ டோக்கன் மிஷினைத் தட்டுகிற சத்தம் கேட்டது. சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பாண்டீஸ்வரன் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, ஜெனரேட்டர் மேடையில் உட்கார்ந்து, முதல் நாளிலிருந்து ஆரம்பித்தார்.